வலதுபக்கக் கதவு

வேலை செய்யும்போது அந்தப் பட்டறைக்காரரின் கைகளை வண்டியின் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் வேலையைத் தொடமாட்டார். மற்ற பட்டறைகளில் வண்டியை விட்டவர், எதைக் கழற்றி எடுத்துவிடுவார்களோ என்று தானாகவே காவல் நிற்பார். இவர் பட்டறையில் காவலுக்கு உட்காரவைப்பதே இவர்தான். அதற்கென்று ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. "இப்டி குந்து. கண்ணு இங்க இருக்கட்டும்" என்று தன் விரல்களைக் காட்டுவார். வண்டிக்காரர் போன் பேசிக்கொண்டே வெளியே நகர்ந்தால் போதும். இவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொள்வார். போனவர் திரும்பி வரும்வரை அந்தக் கைகள் வெளியே வராது. மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூடத் தலையை ஆட்டித்தான் விரட்டுவார்.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஓர் ஐஸ் ஃபாக்டரியின் பின்சுவரை ஒட்டி அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. பழைய கார்களுக்கு உள்வேலை செய்வது தொழில். முக்கியமாக டோர் பேட். கார்க் கதவின் உட்புறத்தை மூடியிருக்கும், ரெக்சின் என்ற செயற்கைத் தோல் போர்த்திய பலகைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். புது வண்டிகளுக்கு அது அச்சில் வார்த்து வருகிறது. அவற்றை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். உதிரி பாகம் எங்குமே கிடைக்காத வண்டிகள், அதிலும் இரண்டு கதவு வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள், நகரத்தின் தென்கோடியிலிருந்து மீன் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து அவரைத் தேடி வரும். அவற்றின் சொந்தக்காரர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீல ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தெருவில் எல்லாரும் நைனா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை. இப்போது எங்கள் வட்டாரத்துத் தெருக்கள் எந்தக் காலத்தில் எப்படி உண்டாயின என்று விசாரித்து எழுதிவைக்கிறேன். ஐஸ் ஃபாக்டரி எந்த வருஷம் வந்தது என்று கேட்கப் போன இடத்தில்தான் அவர் பழக்கமானார். அன்று சாம்பல் புதன். காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு போய் நின்றேன்.

"நீ இன்னா, சர்வேயா? எடத்த காலி பண்ணச் சொல்ல வந்துகீறியா?"

"இல்ல நைனா. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மா தெரிஞ்சுக்க எவனும் வரமாட்டான் சார். இன்னா வேணும், அத்த சொல்லு."

ஈஸ்டர் வரை அவர் அந்தக் கேள்வியை விடவில்லை. ஒரு நாள் நான் கேட்ட வருஷத்தைத் தானாகவே சொன்னார். பிறகு வேறு இடத்தில் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. நான் சரிபார்த்தேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். தன்னை நம்பாதவனோடு பழகுவது அவருக்குச் சௌகரியமாக இருந்ததுபோல.

எதையும் அவர் பிறர் சொல்லி ஏற்கமாட்டார். ரெக்சின் கடைக்காரர் "வெயிலுக்கு வெடிக்காது" என்று சொன்ன துண்டைக் கொட்டகைக் கூரையில் ஆணியடித்துக் காயப்போடுவார். பக்கத்திலேயே இன்னொரு துண்டு கடல்தண்ணீர் வாளியில் ஊறும். டேப்பை வைத்து அளக்கமாட்டார். டேப் இழுபடும், கண் ஏமாறும் என்பார். கதவின் இரும்பின் மேலேயே பழைய காலண்டர் தாளை ஒட்டி, விரல்நகத்தால் ஓரங்களை அழுத்திக் கோடு எடுப்பார். கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் திருகு, பூட்டின் நெம்புகோல் எல்லாவற்றுக்கும் அந்தத் தாளில் ஓட்டை விழும். பிறகு தாளைப் பிளைவுட்டில் வைத்து அறுப்பார். அட்டைப் பலகை கூடாது. மழையில் ஊறி உப்பும். படகு கட்டுகிறவர்கள் வாங்கும் மெல்லிய பிளைவுட்தான். அதன் கீழ்விளிம்பைப் படகு வார்னிஷில் மூன்று தடவை முக்கி எடுப்பார். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கதவின் வயிற்றுக்குள்தான் வடிகிறது. பேட் முதலில் அழுகுவது அங்கேதான்.

கண்ணாடி ஏறி இறங்கும் அந்த இடுக்கில் தண்ணீர் மட்டும் போவதில்லை. கதவின் மேல் கை வைத்து ஓட்டுகிறவர்களின் சட்டைப் பையிலிருந்தும் விரலிலிருந்தும் காதிலிருந்தும் நழுவுவதெல்லாம் அதற்குள் விழுகிறது. பேடைப் பிரித்தால் அடியில் கிடக்கும். அவருடைய இன்னொரு நிபந்தனை இங்கேதான் வரும். பிரிப்பதற்கு முன், உள்ளே என்ன இருக்கலாம் என்று சொந்தக்காரர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு செய்தித்தாளை விரித்து, விழுந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். ஒவ்வொன்றுக்கும் "பாத்தியா?" என்று கேட்பார். "பார்த்தேன்" என்று பதில் வந்தால்தான் கை அடுத்ததற்குப் போகும்.

கல்யாணமான புதிதில் ஒரு பையன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வேறொருவரிடமிருந்து வாங்கி, மனைவியோடு வந்திருந்தான்.

"சொல்லு, உள்ள இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல நைனா. நான் வாங்கியே பத்து நாள்தான் ஆவுது."

கதவிலிருந்து ஒரு லிப்ஸ்டிக் விழுந்தது. அவர் எடுத்துத் தாளில் வைத்தார். "பாத்தியா?"

"இது நம்மளுது இல்ல நைனா! வித்தவனுது!"

"யாருதுன்னு கேக்கல. பாத்தியா இல்லியா?"

"நான் பாத்துட்டேன் நைனா. நீ மேல வேலைய பாரு" என்றாள் மனைவி. அடுத்து ஒரு கொலுசுத் திருகாணி விழுந்தது. பையன் எழுந்து வெளியே போக, அவர் கைகள் தொடைக்கு அடியில் போய்விட்டன. அந்தப் பெண்தான் போய்க் கணவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள்.

இப்படி யாரும் உரிமை கொண்டாடாத பொருள்களைப் போட ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். கம்பியால் கட்டிக் கூரையிலிருந்து தொங்கும். ஒருமுறை அவர் அதை இறக்கித் துடைக்கும்போது பார்த்தேன்: கண்ணாடிச் சட்டங்கள், ஜெபமாலை, பாதி அறுந்த செயின், மோதிரங்கள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு மூன்று கதைகள் கிடைத்தன. லாரிக்குப் பாடி கட்டும் ஒருவர் சொன்னது: இளம் வயதில் ஒரு பெரிய பட்டறையில் இவர் வேலை செய்தபோது, பிரித்த கதவிலிருந்து சங்கிலி காணாமல் போனதாக வழக்கு, ஸ்டேஷனில் அடித்தார்கள், பிறகு சங்கிலி சொந்தக்காரர் வீட்டிலேயே கிடைத்தது. டீக்கடைக்காரர் சொன்னது: திருடியது இவருடைய தம்பி, பழியை இவர் ஏற்றுக்கொண்டார். மூன்றாவதைச் சொன்னவர் அதே பட்டறையில் இவரோடு இருந்த பெயிண்டர். "அவன்தான் சார் எடுத்தான். நான் கண்ணால பாத்தேன். அப்பால பயந்து திருந்திட்டான், அத்த இல்லன்னு சொல்லல." மூன்று பேர் சொன்ன காலத்தையும் அந்தப் பட்டறை இருந்த காலத்தையும் வைத்துப் பார்த்தேன். எந்தக் கதையும் முழுதாகப் பொருந்தவில்லை. பெயிண்டர் சொன்னதுதான் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் பொருந்தியது. அன்றிலிருந்து அவருடைய விரல்களை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

இனி என் அக்கா வீட்டு வண்டியைச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குத் திருவொற்றியூரில் வீடு. மாமா துறைமுக இழுவைப் படகில் இன்ஜின் பார்த்தவர். ஒரு கப்பல் கம்பெனி அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது விற்ற, கூரையைப் பின்னால் மடிக்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்ததுபோல இருக்கும். ஞாயிறு மாலைகளில் எண்ணூர் வரை தனியாக ஓட்டிப் போய்வருவார். அவர்களுடைய சின்னவளுக்கு முதல் நற்கருணை கொடுத்த வருஷம், டைஃபாய்டு வந்து இளைத்திருந்த மாமா, அப்படி ஒரு நாள் போய்விட்டுக் கல்யாண மோதிரம் இல்லாமல் திரும்பினார்.

"கண்ணாடிய எறக்கிட்டு கதவு மேல கைய வெச்சிருந்தேன். கழண்டு உள்ள வுழுந்துடுச்சு" என்றார்.

"உள்ள வுழுந்தா பிரிச்சு எடு."

"பேடு காஞ்சு போய் கீது. பிரிச்சா ஒடஞ்சிடும். இந்த மாடலுக்கு வேற எங்க கெடைக்கும்?"

"பொண்டாட்டி ஒடஞ்சா பரவால்ல. பேடு ஒடயக்கூடாது."

பழைய வண்டி வைத்திருப்பவர்களைத் தெரிந்தவர்களுக்கு மாமா சொன்னது புரியும். உடையாமல் இருக்கும் ஒரு பேடுக்காக அவர்கள் எதையும் தள்ளிப்போடுவார்கள். அக்காவுக்குப் புரியவில்லை. மோதிரம் எண்ணூரில் யாரோ ஒருத்தியிடம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். மாமா "ஒரு நாள் பிரிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நாள் வரவில்லை. அதற்குள் அவர் இறந்துபோனார்.

மாமா போய் இரண்டு கிறிஸ்துமஸ் கழிந்த பின் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, வண்டிய உன் நைனாகிட்ட இட்டுகினு போலாம்டா. டோர் பேடெல்லாம் ஊறி உப்பிகினு கீது."

"இப்ப எதுக்குக்கா?"

"மாப்பிள்ள வண்டிய கேக்குறாரு. குடுக்குறதுக்கு முன்னாடி உள்ள இன்னா கீதுன்னு நான் பாக்கணும். பாக்காம என்னால சாவ முடியாது."

தள்ளிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் என்னை ஸ்டூலில் உட்காரவிடவில்லை. "வண்டி இப்ப யாருது? அவங்கதான் குந்தணும்." அக்கா உட்கார்ந்தாள். கால்களைச் சேர்த்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் முன் உட்கார்ந்திருப்பவளைப்போல.

"சொல்லும்மா. உள்ள இன்னா கீது?"

"ஒரு மோதிரம். இருந்தாலும் இருக்கும்."

"எந்தக் கதவுல?"

"வலதுபக்கம். அவரு ஓட்டுற பக்கம்."

"எப்ப வுழுந்துச்சு?"

"வுழுந்துச்சுன்னு அவரு சொன்னாரு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நீ நம்பலியா?"

"நம்பியிருந்தா இங்க இன்னாத்துக்கு வந்து குந்தினு கீறேன்?"

"எப்டி இருக்கும் மோதிரம்?"

"சாதாதான். பட்டையா. கல்லு இல்ல, பேரு இல்ல."

இந்தக் கடைசிக் கேள்வியை அவர் வேறு யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. காணாமல் போன சரக்கின் அடையாளத்தை, சரக்கைத் தேடப் போகிறவனிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது துறைமுகத்தில் கடைநிலை ஆளுக்கும் தெரியும். அக்கா சொல்லிவிட்டாள்.

இடதுபக்கக் கதவை முதலில் பிரித்தார். பேடைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்புகள் உப்புக்காற்றில் துருவேறி, நெம்ப நெம்ப ஒவ்வொன்றாகப் படக் படக் என்று உடைந்தன. பேட் நடுவில் இரண்டாகப் பிளந்தது. மாமா பயந்தது சரிதான். அடியில் அரை அங்குலத்துக்குக் கறுப்புச் சேறு இறுகிக் கிடந்தது. அதைக் கிளறி ஒரு சீப்பை எடுத்தார். பிறகு பேனா மூடி, ஒரு நாணயம், சின்னவளின் தலைக் கிளிப். "பாத்தியா?" "பாத்தேன்." "பாத்தியா?" "பாத்தேன்." எல்லாவற்றிலும் சேறு அப்பியிருந்தது, துணியால் துடைத்த பிறகுதான் நாணயம் நாணயம் என்றே தெரிந்தது.

பிறகு அவர் எழுந்து கை கழுவினார். "மீதி நாளைக்கு."

"ஏன் நைனா?"

"வெளிச்சம் பத்தாது."

மதியச் சாப்பாடு முடிந்து அதிக நேரம் ஆகவில்லை. வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "அப்ப வண்டிய எடுத்துட்டுப் போறோம்" என்றேன். வேலை பாதியில் நின்றாலும் எந்த வண்டியையும் ராத்திரி வைத்துக்கொள்ளமாட்டார். கதவு எலும்புக்கூடாக இருந்தாலும் ஓட்டிக்கொண்டு போகச் சொல்வார்.

"இங்கயே இருக்கட்டும் சார். ரோட்டுல போனா தூசு பூந்துரும்."

பஸ்ஸில் திரும்பும்போது அக்காவிடம் சொன்னேன்: இந்த மனுஷன் இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வெளிச்சம் பத்தலன்னாரு இல்ல. வுடு."

மறுநாள் காலை வலதுபக்கக் கதவு. அக்கா ஸ்டூலில், நான் அவளுக்குப் பின்னால். அவர் நெம்பியைக் கொடுத்து இழுத்தார். பேட் கையோடு வந்தது. ஒரு கிளிப்புகூடச் சத்தம் போடவில்லை.

குனிந்து உள்ளே கைவிட்டார். சேற்றுக் கட்டி ஒன்றை எடுத்துத் தாளில் வைத்தார். அதன் மேல் மோதிரம் இருந்தது. பட்டையாக, கல் இல்லாமல். சேற்றுக்குள் இல்லை, சேற்றின் மேல்.

"பாத்தியாம்மா?"

ஐஸ் ஃபாக்டரியில் பாளங்களைச் சரிவில் தள்ளும் சத்தம் கேட்டது. அவர் காத்திருந்தார். அவர் கை அசையவில்லை.

"பாத்தியாம்மா? வாயால சொல்லு."

கைப்பை மடியிலிருந்து நழுவி விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

"நீ சொல்லாம நான் அடுத்தத தொட முடியாது."

"பாத்தேன்" என்றாள். பிறகு, யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாதபடி, "பாத்துட்டேன். பாத்துட்டேன்பா" என்றாள்.

புது பேடுகள் முடிய மழைக்காலம் தொடங்கிவிட்டது. பழைய தாளிலிருந்து பிளைவுட், அதன்மேல் மெல்லிய ஃபோம், அதன்மேல் அக்கா தேர்ந்தெடுத்த தேன்நிற ரெக்சின், விளிம்பில் சிவப்புக் கயிறு வைத்த தையல். எல்லாம் அழகாக வந்திருந்தது, ஒன்றைத் தவிர. கிளிப்புகளுக்குப் பதிலாகப் பித்தளை ஸ்க்ரூக்கள். ஒவ்வொரு பேடிலும் வரிசையாக, கண்ணில் குத்தும்படி. வழக்கமாக அவர் வேலையில் ஒரு ஆணித்தலைகூடத் தெரியாது.

"இது இன்னா நைனா, பொட்டி மாதிரி?" என்றாள் அக்கா.

"அழகு கம்மிதாம்மா. ஆனா ஒரு காசு இருந்தா போதும், நீயே திருவி தொறக்கலாம். எதுவும் ஒடயாது."

எனக்குள் மூன்று எண்ணங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒன்று: முந்தின நாள் நாங்கள் போன பின் கதவைத் தனியாகப் பிரித்து, மோதிரத்தைக் கண்டெடுத்து, கழுவித் திரும்ப வைத்திருக்கிறார். அப்படியானால் ஏன்? இரண்டு: உள்ளே எதுவும் இல்லை, டின்னிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறார். மூன்று: மாமாவின் மோதிரம் கிடைத்தது; அதை எடுத்துக்கொண்டு வேறு ஏதோ பளபளப்பை வைத்துவிட்டார். பெயிண்டரின் குரல் இந்த மூன்றாவதற்குத் துணை நின்றது. வலதுபக்கம் கிளிப் ஏன் உடையவில்லை என்று அவரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். "அந்தப் பக்கம் காத்து படல போல" என்றார். அக்கா வீட்டில் வண்டி நிற்பது கடலுக்கு வலதுபக்கத்தைக் காட்டித்தான்.

வண்டியை எடுத்துப்போன மறுவாரம் தனியாகப் போய் நேராகவே கேட்டேன்.

"நைனா, அந்த மோதிரம் அதுக்குள்ளதான் இருந்துச்சா?"

ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்காரர் ஒருவர் ஸ்டூலில் இருந்ததால் கை நிற்கவில்லை.

"நான் எடுத்துட்டேன்னு சொன்னவங்கள பாத்துகீறேன் சார். வெச்சிட்டேன்னு சொல்றவரு நீங்கதான் மொதல்ல."

"நான் அப்படிச் சொல்லல."

"அப்ப மாத்திட்டேன்னு சொல்ல வந்தீங்க."

அவர் வெட்டி முடித்த ஓரத்தை விரலால் தடவினார்.

"சார், அக்கா பாத்தேன்னாங்க இல்ல? எனக்கு அது போதும். உங்கள நான் கேக்கல. ஸ்டூல்ல நீங்க குந்தல."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. திருடாதவன் என்றால் கோபம் வந்திருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். திருடியவன் என்றால் நிச்சயமாகக் கோபப்பட்டிருப்பான் என்றும் நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்து பெந்தகோஸ்தே வாரத்தில் போனபோது கொட்டகை இல்லை. ஐஸ் ஃபாக்டரி சுவரில் கூரையை அறைந்திருந்த ஓட்டைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. "மாத்தூர்ல பொண்ணு வூட்டுக்குப் பூட்டாரு" என்றார் டீக்கடைக்காரர். பெயிண்டர், "எனுக்கு இன்னாவோ டவுட்டுதான் சார். பொண்ணே கெடயாது அவனுக்கு" என்றார். இரண்டு நாள் மாத்தூரில் தெருத்தெருவாக விசாரித்தேன். கார் உள்வேலை செய்கிறவர் யாரையும் ஒருவருக்கும் தெரியவில்லை. சொல்லாமல் போக வேண்டிய அவசியம் என்ன? திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டு நேராகத் திருவொற்றியூர் போனேன்.

அக்கா சமையலறையில் வஞ்சிரம் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மோதிரம் அவள் நடுவிரலில் இருந்தது. ஆண் மோதிரம் நழுவாமல் இருக்க உட்புறம் முழுக்க வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தாள். உள்பக்கத்தில் தேய்மானமோ முத்திரையோ, எதையும் யாரும் பார்க்க முடியாது.

"அக்கா, அத்த ஒரு தடவ நகக் கடைல குடுத்து உரசிப் பாத்துடலாம்."

"எத்த?"

"மோதிரத்த. அந்த ஆளு எடத்த காலி பண்ணிட்டுப் பூட்டாரு. எனக்கு அன்னிக்கே சந்தேகம்." கிளிப், சேறு, டின், மாத்தூர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் மீனைக் கழுவினாள்.

"முடிச்சிட்டியா?"

"உரசினா தெரிஞ்சிடும்கா."

"கிளிப்பு சத்தம் போடலன்னு எனக்கு மட்டும் காது கேக்கலியா? அன்னிக்கு நானும் அங்கதான் குந்தினு இருந்தேன்."

நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப ஏன் பாத்தேன்னு சொன்ன?"

"பாத்தியான்னுதானே கேட்டாரு. நம்புறியான்னா கேட்டாரு?" தண்ணீரை வடித்தாள். "உங்க மாமா கதவுக்குள்ள வுழுந்துச்சுன்னாரு. நான் நம்பல. ஆஸ்பத்திரில கடைசியா என் கைய புடிச்சுகினு கெடந்தாரு பாரு, அப்பகூட நான் மூஞ்சிய பாக்கலடா. அந்த வெரலத்தான் பாத்தேன். வெறும் வெரலு. அவரும் நான் எத்த பாக்குறேன்னு பாத்துகினே இருந்தாரு."

அவள் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தாள்.

"இந்த ஆளு கதவுக்குள்ளேர்ந்து எடுத்தேன்னு சொல்றாரு. ஒரு ஆளையாவது நம்பிட்டுப் போறேன். உரசிகிரசி அதுலயும் மண்ண போடாத."

"தங்கமே இல்லன்னா?"

"கறுத்துப் போனா அன்னிக்குப் பாத்துக்குறேன். போ, தட்டு எடு. எண்ண காயுது."

மோதிரத்தைக் கழற்றவில்லை. மிளகாய்த்தூளையும் மஞ்சளையும் உப்பையும் கொட்டி, அந்தக் கையாலேயே பிசைந்து, ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் புரட்டித் தடவினாள். விரலிடுக்கில் வெள்ளை நூல் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் தட்டுகளை எடுக்கப் போனேன்.